திருப்பிப் போட்ட படம்: 18 ஹாக்கிப் பிள்ளைகளுக்குப் போஸ்டர் செய்த கதை

முதல் தொகுதி அச்சாகி வந்த மாலை அது. பயிற்சி முடிந்ததும் மைதானத்து ஓரச் சிமெண்டுத் திண்ணையில் 18 போஸ்டர்களையும் வரிசையாகப் பரப்பி வைத்தேன். பிள்ளைகள் ஓடிவந்து அவரவர் முகத்தைத் தேடினார்கள். 8ஆம் எண் சட்டை போடும் சிறுமி மட்டும் தன் போஸ்டருக்கு முன்னால் பேசாமல் நின்றாள். பிறகு போய்த் தன் மட்டையை எடுத்து வந்து, படத்தில் இருப்பதைப் போலவே பிடித்துப் பார்த்தாள். வலக்கை மேலே, இடக்கை கீழே. மட்டையின் தட்டைப் பக்கம் பந்தைப் பார்க்காமல் எதிர்ப்புறம் போய்விட்டது.

"அண்ணா, இப்படிப் பிடித்து ஆடினால் ஃபவுல் கொடுத்துவிடுவார்கள்" என்றாள். அவளுக்கு வயது 12.

ஹாக்கி மட்டையில் இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது. தட்டைப் பக்கம் எப்போதும் இடப்புறம்தான் இருக்கும். உருண்டையான பின்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது என்பது விதி. எழுதுவதும் சாப்பிடுவதும் இடக்கையால் என்றாலும், ஹாக்கி மைதானத்துக்குள் வந்துவிட்டால் இடக்கை மேலே, வலக்கை கீழே. கிரிக்கெட்டில் ஒரு படத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிப் போட்டால் வலக்கை ஆட்டக்காரர் இடக்கை ஆட்டக்காரர் ஆகிவிடுவார், பார்ப்பவர் நம்பிவிடுவார். ஹாக்கியில் அப்படித் திருப்பினால் உலகில் எங்கும் இல்லாத ஓர் ஆட்டக்காரர் பிறந்துவிடுகிறார். நான் அதைத்தான் செய்திருந்தேன். சுவரில் வரிசையாக மாட்டும்போது எல்லாப் பிள்ளைகளும் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அவள் படத்தைத் திருப்பிவிட்டேன். வேறு எண்ணாக இருந்தால் உடனே காட்டிக்கொடுத்திருக்கும். 8 என்ற எண் கண்ணாடியிலும் 8தான். சட்டையில் இருந்த குழுச் சின்னத்தைக் கை மறைத்திருந்தது. கணினியில் மூன்று நாள் அந்தப் படத்தோடு இருந்தும் எனக்குப் படாதது, அவளுக்கு ஒரு நிமிடத்தில் பட்டுவிட்டது.

அந்த ஒரு தவறுதான் இந்த வேலை முழுவதையும் நான் திரும்பச் செய்யக் காரணம். இளம் விளையாட்டு வீரர்களுக்குப் போஸ்டர் செய்யும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

வேலை வந்த விதம்

ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் நினைவுக்கு வரும். 2020ஆம் ஆண்டு கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு இது ஹாக்கி ஊர். 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பிள்ளை. விடிகாலையில் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகும் சிறுவர்களை இங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறிய குழுவின் பயிற்சியாளர் என்னை அழைத்தார். கோடை முகாம் முடியும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்களுடைய படத்தோடு ஒரு போஸ்டர் கொடுக்க வேண்டும் என்றார். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் 18 பேர். 10 பையன்கள், 8 சிறுமிகள். முன்பு இதே குழுவில் ஆடி இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் 9,000 ரூபாய் கொடுத்திருந்தார். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பயிற்சியாளரின் முதல் ஆசை வேறு. நாற்சந்தியில் பத்தடிக்கு ஆறடியில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்து, 18 பேரையும் அதில் வட்ட வட்டமாகப் போட வேண்டும் என்றார். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை எல்லாவற்றுக்கும் ஊரில் ஃப்ளெக்ஸ்தான். அவர் கேட்டதில் வியப்பில்லை. நான் மறுத்தேன். சாலையில் வைக்கும் பேனர் என்ன செய்யும் என்பதை 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பார்த்தோம். ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. அது ஒருபுறம் இருக்க, வட்டத்துக்குள் அடைத்த 18 தலைகளில் ஹாக்கி எங்கே இருக்கிறது? பயிற்சியாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி, வீட்டுச் சுவரில் மாட்டுவது போலவே செய்யுங்கள்" என்றார்.

அளவு 12க்கு 18 அங்குலம் என்று முடிவு செய்தோம். டிஜிட்டல் அச்சு இயந்திரங்களில் ஓடும் 13க்கு 19 அங்குலத் தாளில் வெட்டுவதற்கு விளிம்பு விட்டு இந்த அளவு சரியாக அமையும். கேமராவின் படச் சட்டமும் இதே 2க்கு 3 விகிதம். என் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த முழுப் படத்தை இந்த அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் கிடைக்கும், அது தாராளம். பிள்ளை படத்தில் 3,000 புள்ளி உயரம் இருந்து, போஸ்டரில் 14 அங்குலம் நிற்பதானால் அங்குலத்துக்கு 214. கையெட்டும் தூரத்தில் பார்க்கும் போஸ்டருக்கு அதுவும் போதும். ஆனால் மைதானத்தின் மறுகோடியில் 1,200 புள்ளி உயரத்தில் சிக்கிய பிள்ளையை அதே 14 அங்குலத்துக்கு இழுத்தால் 86தான் மிஞ்சும். கண்ணும் மூக்கும் கரைந்துவிடும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவைத்ததால், எவ்வளவு நெருங்கி எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் சுற்று எப்படிக் கெட்டது

அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில், இறுதியாண்டு படிக்கும் விளையாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் மைதானத்து வேலியில் ஒரு பேனர் கட்டுவது வழக்கம். அதற்கென்றே ஆயத்த வடிவமைப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. கன்னங்கரிய பின்னணி, இரண்டு பக்கமும் பாயும் ஒளிக்கீற்று, காலடியில் புகை, தெறிக்கும் தீப்பொறி, கீழே பெரிய ஆங்கில எழுத்துகளில் பெயர். நேரம் குறைவு என்று நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். ஒரு காலையில் 18 பேரையும் படம் எடுத்து, பின்னணியை வெட்டி நீக்கி, புகைக்கு நடுவே நிறுத்தினேன்.

எல்லாப் படங்களும் ஒட்டவைத்தது போல் இருந்தன. காரணம் ஒளி. அந்த வடிவமைப்பு, ஸ்டூடியோவில் ஆளின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்த படத்துக்காகச் செய்யப்பட்டது. தோளிலும் காதோரத்திலும் ஒரு வெளிச்சக் கோடு இருந்தால்தான் அந்தப் புகை அந்த உடம்பைச் சூழ்ந்ததாகக் கண் ஏற்றுக்கொள்ளும். என் பிள்ளைகள் காலை எட்டு மணி வெயிலில், வலப்பக்கம் முழுக்க வெளிச்சமும் இடப்பக்கம் முழுக்க நிழலுமாக நின்றிருந்தார்கள். நிழல் ஒரு திசையைச் சொல்ல, பின்னணி வேறு திசையைச் சொன்னது. வெட்டியதிலும் குறை இருந்தது: தானாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் கருவி பல படங்களில் மட்டையின் வளைந்த நுனியைத் தரையோடு சேர்த்து விழுங்கிவிட்டது. பறக்கும் முடியை ஒட்ட வெட்டி, தலைக்குத் தொப்பி போட்டது போல் ஆக்கிவிட்டது.

இதெல்லாம் கைத்திறன் குறைபாடு, உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது வேறொன்று. 18 போஸ்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, முகத்தை மாற்றினாலும் போஸ்டர் மாறவில்லை. பெனால்டி கார்னரில் (ஓர் அணி செய்த தவறுக்காக, எதிரணி கோலுக்கு அருகே பின்கோட்டிலிருந்து பந்தை உள்ளே விடும் வாய்ப்பு) முதல் ஆளாகப் பாய்ந்து போய்ப் பந்தை மறிக்கிற பையனும், வலது ஓரத்தில் கோட்டோடு ஓடுகிற சிறுமியும் ஒரே புகையில் ஒரே மாதிரி நின்றார்கள். 8ஆம் எண்காரி என் தவறைச் சுட்டிக்காட்டிய அந்த மாலையில், திருப்பிப் போட்ட படம் ஒன்றுதானா தவறு என்று யோசித்தேன். அவள் ஆட்டம் எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் படத்தைத் திருப்ப எனக்குக் கை வந்திருக்காது. போஸ்டரில் இருக்கும் ஒவ்வொன்றும், ஒளியும் புகையும் எழுத்தும் நிறமும், அந்தப் பிள்ளையிடமிருந்தும் அவர்கள் ஆடும் தரையிலிருந்தும் வரவேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். அந்த 18 போஸ்டர்களையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அச்சுக்கான 1,260 ரூபாய் என் கூலியில் கழிந்தது.

மைதானத்தில் இரண்டாவது காலை

கேமராவைத் தொடுவதற்கு முன் மூன்று மாலைகள் வெறுமனே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதினேன். இவள் பந்தை நிறுத்தும் முன் நாக்கை ஓரமாகக் கடிப்பாள். இவன் ஓடும்போது தலை குனியவே மாட்டான். இவன் கோல் விழுந்தால் கத்துவதில்லை, மட்டையைத் தரையில் ஒருமுறை தட்டுவான். பயிற்சியாளரிடமும் கேட்டேன்: "சார், இந்தப் பிள்ளை எதில் கெட்டி?" 18 பேருக்கும் அவரிடம் உடனே பதில் இருந்தது. யாரும் அவரிடம் அதுவரை அப்படிக் கேட்டதில்லை போலும். அன்று அவர் நெடுநேரம் பேசினார்.

குழுவுக்குச் செயற்கைத் தரை கிடையாது. கரிசல் மண்ணின் மேல் சரளையும் செம்மண்ணும் கொட்டி இறுக்கிய தரையில்தான் பயிற்சி. மே மாதத்தில் அந்தத் தரையிலிருந்து தூசி கிளம்பும். பந்தை அடித்தால் பந்துக்கு முன்னால் தூசிதான் கண்ணுக்குத் தெரியும். முதல் சுற்றில் அந்தத் தூசியைக் குறையாக நினைத்துத்தான் எட்டு மணிக்கு, தரை நனைத்த பிறகு படம் எடுத்தேன். விலை கொடுத்து வாங்கிய புகையைக் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, அசல் புகை கண்ணெதிரே கிளம்பிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

இரண்டாவது முறை ஆறேகாலுக்கே போய்விட்டேன். தரை நனைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சூரியன் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நான் எதிர்ப்பக்கம் போய்த் தரையில் முழங்காலிட்டேன். நின்றபடி எடுத்தால் பெரியவர்களின் கண் உயரத்திலிருந்து குனிந்து பார்க்கும் படம் வரும். பிள்ளை குட்டையாகத் தெரியும், பின்னால் வெறும் மண்தான் இருக்கும். கேமரா அவர்கள் இடுப்பு உயரத்துக்கு இறங்கினால் பின்னால் வானம் வரும், தூரத்து வேப்பமரம் வரும், 12 வயதுப் பிள்ளை மரத்தைவிட உயரமாக நிற்கும். முதுகு வெயிலில் முகம் இருண்டுவிடும் என்பதால் ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டி வைத்தேன். வானம் வெளுத்துப் போவது பற்றிக் கவலைப்படவில்லை. வெளிறிய தரையே கீழிருந்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பியது. அதோடு, ஸ்டூடியோவில் இரண்டு விளக்கு வைத்து உண்டாக்கும் அந்தத் தோளோர வெளிச்சக் கோடு, ஆறரை மணி வெயிலில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

ஷட்டர் வேகம் நொடியில் 1,000இல் ஒரு பங்கு வைத்தால் ஆள் உறைந்து நிற்பார். அதையே எல்லாப் படத்துக்கும் வைத்தால் ஆட்டமும் உறைந்துவிடுகிறது. அடிக்கும் காட்சிகளுக்கு 640இல் ஒரு பங்குக்கு இறக்கினேன். முகம் தெளிவாக இருக்க, மட்டையின் நுனி மட்டும் விசிறி போல் கலைந்தது. அந்தக் கலைவில் அடியின் வேகம் தெரிந்தது. யாரையும் தனியே கூப்பிட்டு நிற்கச் சொல்லவில்லை. பயிற்சியாளர் ஒவ்வொருவரும் கெட்டியாகச் செய்வதையே பத்துப் பதினைந்து முறை செய்ய வைத்தார். நான் காத்திருந்தேன்.

இரண்டு பேரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்.

ஒருவன் கோல்கீப்பர். தலைக்கவசத்தின் கம்பிக்குள் முகம் பாதிதான் தெரியும். கவசத்தை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு ஒரு படம், கையில் இடுக்கிக்கொண்டு ஒரு படம் என்று நானாக யோசித்து வைத்திருந்தேன். அவனிடம் கேட்டபோது, "கழற்ற வேண்டாம் அண்ணா" என்றான். கவசம், மார்புப் பட்டை, காலில் கட்டும் தடித்த பேடு எல்லாம் குழுவுக்குச் சொந்தம். முன்பு ஆடிய பெரிய பையன்களிடமிருந்து வந்தவை. அவற்றை அணியும் உரிமை அவனுக்கு அந்த ஆண்டுதான் கிடைத்திருந்தது. அதனால் கவசத்தோடேயே எடுத்தோம். வலப்பக்கம் முழு நீளத்துக்குக் காலை நீட்டிப் பந்தை உதைத்துத் தள்ளுகிறான்; கம்பிகளுக்கு நடுவே இரண்டு கண்கள் பந்தின் மேல் இருக்கின்றன. பின்னால் கோல் வலை. அந்த வலையின் ஒவ்வொரு கண்ணியையும் வெட்டி எடுப்பது நடக்கிற காரியமா என்று மலைத்தேன். பிறகு எதற்காக வெட்ட வேண்டும் என்று தோன்றியது. வலை அவனுடைய வீடு. பின்னணியை அப்படியே விட்டேன். அதிலிருந்து தொடங்கி, 18 போஸ்டர்களில் 15இல் பின்னணியை வெட்டவே இல்லை.

இன்னொருத்தி மாற்று ஆட்டக்காரி. ஆட்டங்களில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருப்பாள். பெனால்டி கார்னர் கிடைத்தால் மட்டும் உள்ளே வந்து, பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுத் திரும்புவாள். கோல்கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, கோலுக்கு முன்னால் வரைந்த வட்டத்தின் விளிம்பில் காத்திருப்பவர் மட்டைக்கு நேராக, துள்ளாமல், வேகமாகப் பந்து போய்ச் சேர வேண்டும். அது பிசகினால் மற்றவர்களுடைய திறமை எதுவும் பயன்படாது. கோல் அடித்தவரைத்தான் எல்லோரும் தூக்குவார்கள்; தள்ளிவிட்டவள் கோட்டிலேயே நிற்பாள். அவளுக்கு என்ன படம் எடுப்பது என்று முதல் சுற்றில் தெரியாமல், மட்டையைத் தோளில் வைத்துச் சிரிக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது முறை பின்கோட்டுக்கு நேராகத் தரையில் படுத்துக்கொண்டேன். ஒரு கால் முன்னே ஆழமாகப் பதிந்து, உடம்பு தரையோடு தாழ்ந்து, முழங்கால் மண்ணை உரச, கண்கள் பந்தின் மேல் இல்லாமல் அது போய்ச் சேர வேண்டிய இடத்தின் மேல். 18 போஸ்டர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கேப்டனின் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். எல்லாம் ஒரே அளவு என்று அதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டிருந்தேன்.

நிறம்

முதல் சுற்றின் இன்னொரு கோளாறை இதுவரை சொல்லவில்லை. 18 பிள்ளைகளும் அச்சில் வெளுத்திருந்தார்கள். நான் அனுப்பிய கோப்பில் அப்படி இல்லை. அச்சகத்தில் விசாரித்தபோது, இயந்திரத்தில் இருந்தவர், "முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று கொஞ்சம் தூக்கிவிட்டேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கல்யாண ஆல்பம், பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், தேர்தல் சுவரொட்டி என்று எது வந்தாலும் முகத்தை வெளுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. கேட்காமலே செய்து கொடுக்கிறார்கள், யாரும் குறை சொல்வதும் இல்லை.

என்னை உலுக்கியது அந்தப் போஸ்டரைப் பார்த்த ஒரு பையனின் மகிழ்ச்சி. "அண்ணா, நான் எவ்வளவு சிவப்பு!" என்று என்னிடம் சொல்லிவிட்டு நண்பனிடமும் காட்டினான். வெயிலில் ஓடி ஓடிக் கறுத்த உடம்பு அது. அந்தக் கறுப்பில் அவனுடைய இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது. அதைத் துடைத்தெடுத்துவிட்டு, இதுதான் நீ என்று ஒரு காகிதத்தை அவன் கையில் கொடுத்திருக்கிறோம். அவனும் அதை வாங்கிக்கொண்டு மகிழ்கிறான். பிள்ளைகளின் படத்தில் நிறத்தை மாற்றுவது சிறிய அலங்காரம் என்று யார் சொன்னாலும் இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கறுத்த தோலை அச்சில் அழகாகக் கொண்டுவருவதற்கு உழைப்பு வேண்டும். கரிய பின்னணியில் கறுத்த முகத்தை வைத்தால் முடியும் தாடையும் பின்னணியோடு கலந்துபோகும். அதற்குப் பயந்துதான் முகத்தை வெளுக்கிறார்கள். மாற்ற வேண்டியது பின்னணியை. தூசியில் வெயில் பட்டு மஞ்சளும் வெண்மையுமாக இருந்த பின்னணியில் பிள்ளைகளின் உருவம் தானாகவே எடுப்பாகத் தெரிந்தது. நிழல்களைத் தொடாமல், நடுத்தர ஒளியை மட்டும் சிறிது ஏற்றினேன். கன்னத்திலும் மூக்கிலும் வியர்வை பட்டு மின்னும் புள்ளிகளை அப்படியே விட்டேன். கறுத்த தோலுக்கு உருவம் கொடுப்பவை அந்த மினுக்கங்கள்தான். பவுடர் பூசியது போல் அவற்றைத் துடைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். நான்கு மை அச்சுக்கு மாற்றும்போது சயான் என்னும் நீல மை ஏறினால் தோல் சாம்பல் பூத்தது போலாகும் என்பதால், ஒவ்வொரு முகத்திலும் அதைத் தனியே பார்த்துக் குறைத்தேன். மூன்று பேரின் படங்களை முதலில் சோதனைக்கு அச்சிட்டு, மைதானத்துக்கு எடுத்துப்போய், அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டோம். அச்சகத்துக்குக் கொடுத்த தாளில் "நிறத்தில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம்" என்று எழுதி, அச்சு ஓடும்போது நானும் பக்கத்திலேயே நின்றேன்.

இரண்டாவது தொகுதியைக் கொடுத்தபோது அதே பையன் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் தன் முன்கையில் புடைத்திருந்த நரம்பைத் தொட்டு, நண்பனிடம் காட்டினான்.

பெயர் எழுதுதல்

ஆங்கில வடிவமைப்புகளில் பெயர் முழுவதும் பெரிய எழுத்துகளில் செங்கல் அடுக்கியது போல் ஒரே உயரத்தில் நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரக் கொக்கியும் இருப்பதால் ஒரு பெயருக்கே மேலும் கீழும் இடம் தேவை. ஆங்கில எழுத்துக்கு அளந்த கட்டத்தில் தமிழ்ப் பெயரைத் திணித்தால் புள்ளி வெட்டுப்படும். எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு போட்டால் சுழிகள் அடைபட்டுப்போகும். முதல் சுற்றில் ஒரு பெயரில் இருந்த ணகரம் எட்டடி தூரத்தில் னகரமாகத் தெரிந்தது. ஒரு பிள்ளையின் பெயரை நாம் எழுத்துப்பிழையோடு அச்சிட்டதற்கு அது சமம்.

இரண்டாம் சுற்றில் கோடு, நிழல், உலோகப் பளபளப்பு எல்லாவற்றையும் நீக்கினேன். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் பலூ தம்பி, கேட்டமரான், முக்தா மலர் மூன்றையும் வைத்துப் பார்த்து, கேட்டமரானைத் தேர்ந்தெடுத்தேன். அதில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்கள் உண்டு. நான்கெழுத்துப் பெயரையும் பத்தெழுத்துப் பெயரையும் இழுத்து நீட்டாமல், நசுக்காமல், கனத்தை மாற்றியே ஒரே அகலத்துக்குள் பார்வைக்குச் சமமாக நிறுத்த முடிந்தது. ஃபோட்டோஷாப்பில் தமிழ் எழுதும் நண்பர்களுக்கு ஒன்று: ஒகரக் குறியும் ஐகாரக் குறியும் இடம் மாறிச் சிதறினால், பழைய பதிப்புகளில் எழுத்துக்கான விருப்பத் தேர்வுகளில் உலக மொழிகளுக்கான அமைப்பை இயக்கிவிட்டால் யுனிகோடு எழுத்து ஒழுங்காக வரும். அதற்காகப் பழைய பாமினி எழுத்துருவுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

எழுத்துருவைவிடப் பெரிய பாடம் பெயரிலேயே இருந்தது. முதல் சுற்றில் குழுவின் பதிவேட்டிலிருந்து பெயர்களை அப்படியே எடுத்துப் போட்டேன். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "உன் பெயர் போஸ்டரில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே எழுதிக் கொடு" என்றேன். ஒரு பையன் தலைப்பெழுத்தை மாற்றி எழுதியிருந்தான். பதிவேட்டில் இருந்தது அப்பாவின் எழுத்து. அவன் எழுதியது அம்மாவின் எழுத்து. காரணம் கேட்கவில்லை. அவன் எழுதியபடியே அச்சிட்டேன். இரண்டு சிறுமிகள் தலைப்பெழுத்தே வேண்டாம் என்றார்கள். ஒருத்தி வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை எழுதி, அதை அடித்துவிட்டு, மறுபடியும் அதையே எழுதியிருந்தாள். செல்லப் பெயரே போனது.

அனுமதி

போஸ்டரில் பெயர், சட்டை எண், ஆடும் இடம் மூன்று மட்டும்தான். பிறந்த தேதி, பள்ளி, தெரு எதுவும் இல்லை. அமெரிக்க வடிவமைப்பில் பள்ளிப் பெயருக்கும் படிப்பு முடிக்கும் ஆண்டுக்கும் இடம் இருந்தது, எடுத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் முகமும் பெயரும் அவள் எந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்பதும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க வேண்டியதுதான். ஒரு பக்கத் தாளில், தமிழில், மூன்று கேள்விகள்: படம் எடுக்கலாமா, அச்சிடலாமா, இணையத்தில் போடலாமா. மூன்றுக்கும் தனித்தனி கையெழுத்து. 18 பேரில் ஐந்து வீடுகள் மூன்றாவது கேள்விக்கு வேண்டாம் என்றன. அதனால் ஒருவருடைய போஸ்டரையும் இணையத்தில் போடவில்லை. ஐந்து பேரை விட்டுவிட்டு மற்றவர்களைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓர் அம்மா, மகள் அரைக்கால் சட்டையில் இருப்பதால் இடுப்புக்கு மேல் மட்டும் இருக்கட்டும் என்றார். அந்தப் படத்தின் உயிரே அவள் கால் வைத்திருந்த விதத்தில்தான் இருந்தது. அம்மாவையும் மகளையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்து இரண்டு விதமாகவும் காட்டினேன். இருவரும் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டார்கள். இடுப்புக்கு மேல் உள்ளதையே தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் போஸ்டர் தினமும் இருக்கப் போவது அவர்கள் வீட்டுச் சுவரில்.

அச்சும் கணக்கும்

300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் அட்டை, மேலே மேட் லேமினேஷன். பளபளக்கும் லேமினேஷன் போட்டால், குழல்விளக்கு வெளிச்சம் படும் வீட்டுச் சுவரில் முகத்துக்கு மேல் விளக்குதான் தெரியும். ஒன்று 70 ரூபாய். வீட்டுக்கு ஒன்று, குழுவின் அறைச் சுவருக்கு ஒன்று என்று 36 போஸ்டர்கள், 2,520 ரூபாய். வீணான முதல் தொகுதியையும் சேர்த்து அச்சுச் செலவு 3,780. மீதி 5,220 ரூபாய், இரண்டு காலைப் படப்பிடிப்புக்கும் ஏறத்தாழ 40 மணி நேர மேசை வேலைக்கும். மூன்று மாலை ஆட்டம் பார்த்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த முறை விலை சொல்லும்போது சேர்ப்பேன். வேலையின் பாதி அங்கேதான் நடந்தது.

அனுப்புவதற்கு முன் இறுதிச் சோதனையைப் பிள்ளைகளிடமே விட்டேன். மடிக்கணினியை மைதானத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவரும் தன் போஸ்டரையும் பக்கத்தில் இருப்பவர் போஸ்டரையும் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு குறைகள் பிடித்தார்கள். ஒருவனுக்கு ஆடும் இடத்தை மாற்றிப் போட்டிருந்தேன். இன்னொரு படத்தில் தூசியைச் சற்று அழகுபடுத்தப் போய்ப் பந்தையே அழித்திருந்தேன். 8ஆம் எண்காரி இந்த முறை இடது பக்கம் நோக்கி ஓடினாள், உண்மையில் ஓடியபடியே. சுவரில் மாட்டும்போது வரிசையின் வலது ஓரத்தில் அவளை வைத்தோம். உள்பக்கம் பார்க்கும் முகம் திருப்பாமலே கிடைத்துவிட்டது.

முகாம் முடியும் நாளில் ஒரு பையன் காய்ச்சலால் வரவில்லை. மறுநாள் அவன் வீட்டுக்குப் போஸ்டரைக் கொண்டுபோனேன். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர். ஒட்டும் நாடா நிற்கவில்லை. ஒட்ட ஒட்ட, சுண்ணாம்புப் பொருக்கோடு பெயர்ந்து விழுந்தது. அவனுடைய பாட்டி சோற்றுப் பசை கொண்டுவந்தார். பின்பக்கம் பசை பிடித்தாலும் தடித்த அட்டையின் கனம் தாங்கவில்லை. கடைசியில் சுவரில் இருந்த தினக் காலண்டரைக் கழற்றி, அந்த ஆணியிலேயே போஸ்டரைக் குத்தி மாட்டப் போனார். பேரன் படுக்கையிலிருந்து எழுந்து, "பாட்டி, தலையில் குத்தாதே" என்றான். மூலையில் குத்தினோம், ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

36 போஸ்டர்களுக்கும் நிறத்தையும் எழுத்தையும் பார்த்த நான், அவை எந்தச் சுவரில் எப்படித் தொங்கும் என்று யோசித்திருக்கவில்லை. விடை அந்த வீட்டிலேயே, கழற்றிக் கீழே வைத்த காலண்டரில் இருந்தது: மேல் விளிம்பில் தகரப் பட்டை, நடுவில் ஒரு வளையம். சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போய், போஸ்டரின் மேலும் கீழும் அதே தகரப் பட்டை அடித்துத் தருவார்களா என்று கேட்டேன். சிறு எண்ணிக்கை என்றாலும் செய்து தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டார். வீடுகளுக்குக் கொடுத்த 18 போஸ்டர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்ப வாங்கி, பட்டை அடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.